சர்வகலாசாலைக் கணக்கும் சனி தோஷமும்

(அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியர்கள், சிப்பந்திகள் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



ஒரு சர்வகலாசாலையின் தலைவர் தம் சிப்பந்திகளுக்குச் சொல்ல வேண்டியது என்ன என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் காலேஜில் படித்தவனல்ல. ஆனாலும் வரவு எது, செலவு எது என்று கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை என்கின்ற தைரியத்தில் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

இவ்வூர் தேவாங்கர் கலைக் கல்லூரியும், சைவபானு க்ஷத்திரிய கல்லூரியும் மதுரை காமராசர் சர்வகலாசாலையைச் சேர்ந்தவை. அது 1966-ல் ஏற்பட்டது. 1978-ல் காமராசர் பெயர் வைக்கப்பட்டது. பக்கத்து விருதுநகரில் பிறந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, முதன்மந்திரியானபின் ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டுப் படிக்க வைத்தவரின் பெயர் அது. அந்தப் பெயரைத் தாங்கிய இடத்தில் 2024-ல் என்ன நடந்தது? ஊழியருக்குச் சம்பளமும், ஓய்வு பெற்றவருக்குப் பென்ஷனும் நிலுவையாகி, வாசலில் உட்கார்ந்து கோஷம் போட வேண்டியதாயிற்று. அதே வருஷத்தில் துணைவேந்தர் தம் காலம் முடியுமுன்பே ராஜினாமாச் செய்தார்.

காரணம் கேட்டால் "போதாத காலம்", "சனி பார்வை" என்று சொல்லுகிற படித்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தோழர்களே! சனி என்பது சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ வருஷம் எடுத்துக்கொள்ளுகிற ஒரு கோளம். அது ஊரிலுள்ள கஜானாக்களையெல்லாம் விட்டுவிட்டு மதுரைக் கஜானாவை மாத்திரம் பார்ப்பானேன்? தபால் கல்வியில் வந்துகொண்டிருந்த வருமானம் சுருங்கிற்று. தணிக்கை ஆட்சேபணைகளால் சர்க்கார் மானியம் முட்டுப்பட்டது. பென்ஷன் பாரம் ஏறிற்று. இவையெல்லாம் மனிதர் கையால் எழுதிய கணக்குகள். மனிதர் கையாலேயே திருத்தக்கூடியவை. கணக்கில் வந்த தோஷத்திற்குப் பரிகாரம் கணக்கிலேதான் இருக்கிறது. எள் விளக்கில் இல்லை.

துணைவேந்தரை நியமிப்பது யார் என்பதிலும் தகராறு. 2022-ல் சட்டசபை, அந்த அதிகாரம் கவர்னரிடமிருந்து சர்க்காருக்கு வரவேண்டுமென்று மசோதா நிறைவேற்றிற்று. 2025 ஏப்ரல் 8-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. மே 21-ல் சென்னை ஐகோர்ட்டு அந்தச் சட்டங்களின் அமுலை இடைக்காலமாக நிறுத்திற்று. ஜனங்கள் தேர்ந்தெடுத்த சபைக்கே அந்த அதிகாரம் வேண்டுமென்பது என் அபிப்பிராயம். ஆனால் வழக்கு முடிகிறவரை வயிறு காத்திருக்குமா?

இதில் நஷ்டப்படுவது யார்? திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிரம்பாத வருஷம் மிளகாயும் இல்லை, பருத்தியும் இல்லை. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ஒரு பெண் காலேஜுக்கு வருகிறாள். சர்க்கார் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் 5-லும், ஆண் பிள்ளைகளுக்கு 2024 ஆகஸ்டு 9-லும் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் ஆரம்பமாயின. அந்தப் பணம் பிள்ளையை வாசல்வரை கொண்டுவரும். உள்ளே ஆசிரியர் அரை வயிற்றோடு நின்றால், பரீட்சையும் சர்டிபிகேட்டும் தாமதமானால், பணக்காரன் மகன் வேறு ஊருக்குப் போய்விடுவான். தறிக்காரர் மகள் எங்கே போவாள்?

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தறியாத அங்கத்தினர்கூட மகாசபையில் எழுந்து கணக்குக் கேட்கலாம். எம்.ஏ., பி.எச்.டி. பட்டக்காரர்கள் கேட்கக் கூச்சப்படலாமா? பொது ஸ்தாபனங்கள் தங்கள் பட்ஜெட்டைத் தாங்களாகவே வெளியிட வேண்டுமென்று 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டமே சொல்லுகிறது.

ஆகவே, தலைவராக வருகிறவர், யார் நியமித்தவரானாலும் சரி, மூன்று மாதத்துக்கொருமுறை உங்கள் முன் நின்று, கையிருப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, காலி ஸ்தானம் எத்தனை, பரீட்சை முடிவு எப்போது என்று நான்கு விஷயம் சொல்லட்டும். கட்டடத் திறப்பு விழாவையும் மாலை மரியாதையையும் அப்புறம் சொல்லட்டும். சொல்லாவிட்டால் பயப்படாமல் கேளுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுப்பதுதானே உங்கள் தொழில்!