சண்டை நாய்க்கு ஒரு வீடு

சண்டைக்கென்றே பழக்கிய நாயை வீட்டில் வைத்து வளர்க்க முடியுமா?

2007-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இந்தக் கேள்வி எழுந்தது. மைக்கேல் விக் என்கிற பிரபல விளையாட்டு வீரரின் இடத்தில் நாய்ச்சண்டை நடத்தியதைக் கண்டுபிடித்து, சுமார் 50 பிட்புல் நாய்களைக் கைப்பற்றினார்கள். அப்படிப் பிடிபடும் நாய்களைக் கொன்றுவிடுவதே அப்போதைய வழக்கம். இந்த முறை வல்லுநர்கள் ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகச் சோதித்தார்கள். மூர்க்கம் காரணமாகக் கருணைக்கொலை செய்யப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பல நாய்களிடம் இருந்தது வெறி அல்ல, பயம். ஜானி ஜஸ்டிஸ் என்ற நாய், பிள்ளைகள் கதை வாசிக்க, பக்கத்தில் படுத்துக் கேட்கிற அளவுக்குச் சாதுவாகிவிட்டது!

அதற்காக எல்லா நாயும் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. மனிதரிடம் குழைகிற நாயே இன்னொரு நாயைக் கண்டால் பாயலாம். நம்ம ஊட்டி காந்தல் மாதிரி வீடுகள் நெருங்கி, தெருநாய்களும் திரிகிற இடத்தில் அதை அவிழ்த்துவிட முடியாது. கழுத்துப்பட்டை, வாய்மூடி, உயரமான வேலி, குழந்தைகளோடு தனியே விடாத கவனம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

நம் நாட்டில் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி, விலங்குகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது குற்றம். அமெரிக்காவிலும் அது குற்றம்தான்; விக்குக்குக் கிடைத்தது 23 மாதச் சிறைத் தண்டனை.

கடித்தது நாய்தான், ஆனால் கடிக்கப் பழக்கியவருக்குத்தானே ஐயா முதலில் வாய்மூடி போட வேண்டும்!