ஆங்கிலத்தைத் திருத்தவும் தமிழ் வேண்டும்

(நாகர்கோவிலில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய உரைக்கு நான் கொடுத்த தலைப்பைக் கண்டு சிலர் புருவம் நெரித்ததாகக் கேள்வியுற்றேன். தமிழ் மேடையில் ஆங்கில எழுத்தைத் திருத்துவது பற்றிப் பேச்சா என்பது அவர்தம் வினா. நேர்மையான வினாதான். மறைமலையடிகள் தம் நூல்களுக்கு ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரைகள் வரைந்தார். பாவாணர் தமிழின் முதன்மையை உலகோர்க்கு உணர்த்த வந்த நூலை 1966இல் ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். அவர்கள் ஆங்கிலத்தை ஆங்கிலமாக எழுதினர். தமிழைத் தமிழாக எழுதினர். நம்மிற் பலரோ இரண்டையும் கலந்து இரண்டையும் கெடுத்துக்கொண்டிருக்கின்றோம். ஆகவே ஆங்கிலத்தை வெறுத்துப் பேச நான் வரவில்லை. அதைக் கற்கும் வழியில் நம் பிள்ளைகள் எதைத் தொலைக்கின்றனர் என்று காட்டவே வந்தேன்.

நம் மாவட்டம் கல்வியில் முன்னிற்பது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டு மாவட்டங்களுள் அதுவே முதலிடம். படித்த பிள்ளைகள் கடல் கடக்கின்றனர். அவருட் செவிலியர் பலர். அயல்நாடுகள் பலவற்றின் மருத்துவமனையிற் பணிபுரிய வேண்டுமாயின் ஓ.ஈ.டி. போன்ற ஆங்கிலத் தேர்வொன்றில் தேறியாகவேண்டும். அதன் எழுத்துப் பகுதிக்கு 45 மணித்துளி. முதல் ஐந்து மணித்துளி படிப்பதற்கு மட்டும். நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துவிடுவர். அவற்றிலிருந்து வேண்டுவன தேர்ந்து, மற்றொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ ஏறத்தாழ 200 சொல்லில் ஒரு மடல் வரையவேண்டும்.

என் தெருவில் ஒரு செவிலியப் பெண் இத்தேர்வுக்கு அணியமாகிக்கொண்டிருந்தாள். பகலெல்லாம் பணி, இரவில் மடல் எழுதுவாள். எழுதியதை இணையவழியாக ஆங்கில நாட்டிலிருக்கும் திருத்துநர் ஒருவருக்கு அனுப்புவாள். மடலுக்கு இவ்வளவு என்று கட்டணம். விடிந்தெழுந்தால் செங்குறிகள் நிறைந்த தாள் திரும்பி வந்திருக்கும். ஒருநாள் அத்தாளை என்னிடம் காட்டினாள். 'தி' என்னும் ஒரே சொல்லை ஏழிடத்திற் செருகியிருந்தார் திருத்துநர்.

"ஏன் மக்களே, ஏழிடத்திலும் இந்தச் சொல் எதற்காம்? கேட்டாயா?" என்றேன்.

"கேட்டேன் பெரியப்பா. அது அப்படித்தான் வரும், நிறையப் படித்தால் பழகிவிடும் என்று எழுதியிருந்தார்" என்றாள்.

அந்தத் திருத்துநர் மேல் எனக்குக் குறையில்லை. பிழையைச் சரியாகவே பிடித்தார். ஆனால் அப்பிழை எங்கிருந்து முளைத்தது என்று அவருக்குத் தெரியாது. தெரிய வழியுமில்லை, அவர் தமிழறியார். வேர் நம் மொழியிலன்றோ இருக்கிறது!

அவளை அமர்த்தித் தமிழிற் சொல்லச் சொன்னேன். "நோயாளி தலையணை கேட்டார், தலையணையைக் கொண்டுவந்தோம்" என்றாள். முதலிற் 'தலையணை' என்றவள் அடுத்துத் 'தலையணையை' என்றாளே, அந்த 'ஐ' ஏன் வந்தது? முதலிற் கேட்டது ஏதோ ஒரு தலையணை. பின்னர்க் கொண்டுவந்தது அவர் கேட்ட அந்தத் தலையணை. முன்னதற்கு ஆங்கிலம் 'எ' போடும். பின்னதற்குத் 'தி' போடும். ஆங்கிலன் பெயருக்கு முன்னே ஒரு சொல்லை நட்டுக் காட்டும் வேறுபாட்டை நாம் பெயருக்குப் பின்னே இரண்டாம் வேற்றுமை உருபை மறைத்தும் வெளிப்படுத்தியும் காட்டுகிறோம். அவள் சற்றுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஏழிடத்தையும் தானே தமிழாக்கிப் பார்த்தாள். நான்கிடத்தில் 'ஐ' வெளிப்பட்டு நின்றது.

மற்ற மூன்றிடத்தில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். இது முழு விதியன்று. எழுவாய்க்கு உருபில்லை, ஆங்கே இவ்வழி உதவாது. உயர்திணைப் பெயர்க்குப் பின் 'ஐ' பெரும்பாலும் மறைவதில்லை, ஆங்கும் உதவாது. ஆயினும் ஏழில் நான்கைப் பிள்ளை தானே திருத்திக்கொள்ளும் அறிவை நம் இலக்கணம் கொடுத்ததா இல்லையா?

இன்னொரு பிழை. 'பத்து நாள்' என்பதை ஆங்கிலத்தில் 'டென் டே' என்றே எழுதிவிடுவாள். பன்மையீறு விட்டுப்போகும். கவனக்குறைவு என்று கடிந்துகொள்வர். கவனக்குறைவன்று. தமிழில் அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாய் நிற்கும். 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என வினையே எண்ணைக் காட்டும். 'பத்து' என்று எண்ணையே சொல்லிவிட்ட பிறகு 'கள்' எதற்கு என்பது தமிழ் மூளையின் கணக்கு. ஆங்கிலத்துக்கு அந்தக் கணக்கு இல்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். அவ்வாறே 'டிசுகசு' என்னும் வினைக்குப் பின் 'அபௌட்' சேர்த்து நம்மவர் எழுதுவதும். 'நோயைப் பற்றிப் பேசினோம்' என்பதிலுள்ள 'பற்றி' அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. அடித்த கோட்டைப் பார்த்தால் அவமானம். வேரைப் பார்த்தால் அறிவு.

சொல்லளவில் நிற்கும் பிழையை விடுங்கள். அத்தேர்வில் மதிப்பெண் இடும் அளவுகோல்கள் ஆறு. மடலின் நோக்கம் விளங்குகிறதா, வேண்டிய செய்தி வந்ததா, வேண்டாதது தவிர்க்கப்பட்டதா, வரிசை சரியா என்றெல்லாம் பார்ப்பர். கேட்டவுடன் எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கினாரே பவணந்தியார்! வேண்டியதை விடுவது குன்றக் கூறல். வேண்டாததைச் சேர்ப்பது மிகைபடக் கூறல். சொன்னதையே சொல்வது கூறியது கூறல். நீரிழிவு நோயாளிக்கு இருபதாண்டுக்கு முன் குடல்வால் அறுத்த கதையை, அது குறிப்பில் இருக்கிறதே என்பதற்காக இப்பெண் மூன்று வரியில் எழுதியிருந்தாள். மற்றொன்று விரித்தல்! பள்ளியில் அப்பத்தையும் மனப்பாடம் செய்து ஒப்பித்தவள்தான். தன் எழுத்தைத் தானே திருத்திக்கொள்ள அது கருவி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாதோர் யார்? என்போன்ற தமிழாசிரியர்தாம்.

திருத்தம் என்பது நம் மண்ணுக்குப் புதியதன்று. தொல்காப்பியத்தைக் கேட்டவர் அதங்கோட்டாசான் என்று பனம்பாரனார் பாயிரம் கூறுகிறது. அந்த அதங்கோடு நம் மாவட்டத்து மேற்கே விளவங்கோட்டுப் பக்கத்து ஊரே என்பது நம்மவர் கொள்கை. ஆசான் குற்றம் கூறியே தீர்வதென்று அமர்ந்து தடை எழுப்பினார் என்றும், தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார் என்றும் நச்சினார்க்கினியர் உரையிற் கதை உண்டு. கதையென்றே கொள்வோம். அதிலும் திருத்தம் வாய்மூடி ஏற்பதன்று. வினாவும் விடையுமாக நடப்பது.

கதையன்றி வரலாறும் உண்டு. கோட்டாற்றுக்கு அருகிலிருக்கும் நமக்குச் சவேரியாரைச் சொல்லித்தர வேண்டா. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர் இருமொழியறிந்தாரை அமர்த்தி வழிபாட்டுரைகளைத் தமிழாக்கி நெட்டுருச் செய்தார். மொழிபெயர்ப்பிற் பிழை நேர்ந்தது. 1544இல் தம் தோழர் மன்சிலாசுக்கு மடல் எழுதித் திருத்துகிறார். நம்பிக்கை உரைக்குமிடத்தில் 'வேணும்' என்று சொல்லாதே. அது விரும்புதலைக் குறிக்கும். நம்புகிறேன் என்னும் பொருள்தரும் சொல்லையே சொல் என்பது அம்மடலின் கருத்து. எண்ணிப் பாருங்கள். அயலார் ஒருவர் தமிழ் கற்கிறார். தொலைவிலிருக்கும் மற்றோர் அயலாரின் தமிழை மடல்வழியே திருத்துகிறார். சொல்லை மாற்றியதோடு நில்லாமல் ஏன் மாற்றவேண்டும் என்பதையும் எழுதுகிறார். அந்த ஆண்டின் இறுதியிலேயே நம் கடற்கரை ஊர்களில் நடந்தார். தமிழை நன்கறிந்தவரல்லர் அவர். அவர்க்கிருந்த அக்கறை, காசு வாங்கித் திருத்துவோர்க்கு இருக்கவேண்டாவா?

இப்பொழுது பொறியே திருத்துகிறது. எழுதியதை உள்ளிட்டால் கண்ணிமைக்கும் நேரத்திற் குற்றமற்ற ஆங்கிலமாய்த் திரும்பி வருகிறது. கேட்டால் காரணமும் சொல்லும். ஆனால் நம் பிள்ளைகள் கேட்பதில்லை. வந்ததை அப்படியே படியெடுத்துக்கொள்கின்றனர். தேர்வுக்கூடத்தில் பொறி இராது. நள்ளிரவில் நோயாளியின் கட்டிலருகே நின்று குறிப்பெழுதும்போது எழுதுவது அவள் கைதான்.

இதுவரை ஆங்கிலத்தைச் சொன்னேன். இனி நெஞ்சைச் சுடும் ஒன்று. அப்பெண் தன் தந்தைக்குத் தமிழில் எழுதிய குறிப்பொன்றையும் அன்று கண்டேன். 'மருந்து வாங்கி கொடுக்கவும், பணம் மேசை மேள் உல்லது' என்றிருந்தது. ஒற்றில்லை, லகரமும் ளகரமும் இடம் மாறிக் கிடந்தன. ஆங்கிலத்தில் ஒரு 'தி' விட்டுப்போனதற்குக் காசு கொடுத்துத் திருத்தம் தேடிய பிள்ளை அது. தமிழில் ஏழு சொல்லில் மூன்று பிழை. அதைப் பிழையென்று அவளிடம் சொன்னார் ஒருவருமிலர்.

1954 ஆகத்து 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நம்மவர் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினர். 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு இணைந்தன. தமிழில் படிக்க வேண்டுமென்று குருதி சிந்திய மண் இது. அம்மண்ணில் தமிழ்க் கட்டுரை ஏட்டைத் திருத்துவார் எத்தனை பேர்?

பிறரைக் குறை சொல்லுமுன் என்னைச் சொல்கிறேன். முப்பதாண்டு தமிழாசிரியனாய் இருந்தேன். தேர்வுக் காலத்தில் ஏடுகள் மலைபோற் குவியும். பக்கத்தைப் புரட்டி அடியிற் கையொப்பமிட்டுத் தள்ளிய ஏடுகள் பல. படிக்காமலே 'நன்று' என்று எழுதியதும் உண்டு. அந்த 'நன்று'களெல்லாம் இப்பொழுது 'மேசை மேள்' என்று திரும்பி வருகின்றன.

அதனால் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரும் நானும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். காரிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு என் வீட்டுத் திண்ணையில் இருப்போம். தேர்வுக்கு எழுதும் ஆங்கில மடலைக் கொண்டு வரலாம், கட்டணமில்லை. ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு. அதே செய்தியைத் தமிழிலும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். தமிழ்த் தாளை முதலில் திருத்துவோம்; பின்பு இரண்டையும் அருகருகே வைத்து ஆங்கிலத்தைப் பார்ப்போம். சென்ற கிழமை நால்வர் வந்தனர். மூவர் தமிழ்த் தாள் கொண்டுவரவில்லை. திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதினர். இக்கூட்டத்திலிருக்கும் தமிழாசிரியர் இருவர் மூவர் உடன்வந்து அமர்ந்தால் இன்னும் பத்துப் பேரைப் பார்க்கலாம். பேனா நீங்கள் கொண்டு வரவேண்டா. சிவப்பு மை நிறையவே இருக்கிறது.