தெருவுக்கு வந்த விழா
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா என்றதும் பந்தலும் மாலையும் ஒலிபெருக்கியுமே நம் கண்முன் வருகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விழாவோ ஒரு கலவரத்திலிருந்து பிறந்தது.

1958 ஆம் ஆண்டு. அவ்வாண்டைச் சொன்னதும் இச்சபையிலுள்ள மூத்தோரின் நினைவு எங்கே செல்லும் என்பதை அறிவேன். அதே ஆண்டு ஓகஸ்ட் இறுதியில், இலண்டன் நொட்டிங் ஹில் பகுதியில், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய மக்களை வெள்ளை இளைஞர் கூட்டங்கள் தாக்கின. பல இரவுகள் அது ஓயவில்லை.

திரினிடாட்டிற் பிறந்த குளோடியா ஜோன்ஸ் என்னும் பத்திரிகை ஆசிரியை அதற்கு அளித்த மறுமொழி ஒரு கார்னிவல் விழா. 1959 ஜனவரி 30 இல், மாரிகாலமாகையால், நகர மண்டபமொன்றினுள் அது நடந்தது. நம்முடையது போல அதற்கும் ஒரு மலர் உண்டு. அம்மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் அகப்பட்ட இளைஞரின் தண்டப்பணத்துக்கென ஒதுக்கப்பட்டது. கறுப்பு இளைஞருக்கு மட்டுமன்று, வெள்ளை இளைஞருக்குந்தான்! இந்த ஒரு செய்திக்காகவே இவ்விடயத்தைத் தெரிந்தெடுத்தேன்.

அவ்வம்மையார் 1964 இல் மறைந்தார். விழா தெருவுக்கு வந்ததை அவர் காணவில்லை. 1966 இல் ரோன் லாஸ்லெற் என்ற சமூகத் தொண்டர், பல நாட்டாரும் நெருங்கி வாழ்ந்த அத்தெருக்களிலே அயலவரைச் சேர்த்து ஒரு விழா எடுத்தார். எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டி உருவாக்கிய மேளங்களுடன் ரசல் ஹென்டர்சன் குழுவினர் வாசித்தனர். ஓரிடத்தில் நின்று வாசித்தவர்கள் சற்று நடந்தால் என்ன என்று நடந்தார்கள். சனம் பின்னாலே போயிற்று. வளர்ச்சியின் இரகசியம் அவ்வளவுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று ஓகஸ்ட் கடைசி ஞாயிறும் திங்களும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே கூடுகின்றனர். ஆடைகளைத் தைப்பதிலும் அலங்கரிப்பதிலும் தொண்டர்கள் பல மாதங்கள் உழைக்கின்றனர். இடையில் கசப்பும் உண்டு: 1976 இல் பொலிசாருடன் பெருமோதல் ஏற்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில், 2020 இலும் 2021 இலும், தெருக்கள் வெறுமையாயின.

பெரியோர்களே, நான் மிஷன் பாடசாலையிற் படித்தவன். நத்தார் விழாவுக்கு ஆண்டுதோறும் கதிரை சுமந்தேன். நெற்றியில் திருநீற்றுடனேயே சுமந்தேன், எவரும் அழிக்கச் சொல்லவில்லை. நம் அடுத்த விழாவுக்குக் கதிரை சுமக்கத் தேவாலயத்து இளைஞரையும் பள்ளிவாசல் இளைஞரையும் அழைப்போமா எனச் செயற்குழுவிடம் எழுத்திற் கேட்டிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை. செயலாளர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.