திரும்பிப் போகும் காலி வண்டிக்கு யார் காசு கொடுப்பது?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். கணக்குப் பேச ஆரம்பித்தால் எனக்கு நேரம் தெரியாது, நீங்கள்தான் மணி அடித்து உட்கார வைக்க வேண்டும்.

இன்றைய தீர்மானம் இதுதான். நம் வாசலுக்கு எதிரே நிற்கும் ஆட்டோக்களை அப்புறப்படுத்தச் சொல்லி மனு கொடுப்பது, ஆப்பில் புக் செய்த வண்டியை மட்டும் வளாகத்துக்குள் விடுவது. இதன் பின்னால் இருக்கும் கோபம் எனக்கும் உண்டு. போன மாதம் இரவு பத்தரை மணிக்குப் புதுவை பேருந்து நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோவில் ஐந்நூறு கேட்டார்கள். ஆப்பைத் திறந்தால் முந்நூற்றுப் பத்து காட்டியது. ஒருவர் ஏற்றுக்கொண்டு போன் செய்தார். "எங்க சார் போகணும்?" கனகசெட்டிக்குளம் என்றேன். கேன்சல். இப்படியே மூன்று பேர். கடைசியில் அந்த ஐந்நூறு ரூபாய் ஆட்டோவில்தான் வந்தேன்.

வழியில் டிரைவரிடம் கேட்டேவிட்டேன், இது நியாயமா என்று. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்கள எறக்கிட்டு நான் காலியாத்தானே சார் திரும்பணும்?" என்றார். முப்பது வருடம் நான் எழுதிய கணக்கு மொத்தமும் அந்த ஒரு வரிதான்.

டவுனிலிருந்து இங்கே பதினைந்து கிலோமீட்டர் அளவு. மீட்டரும் ஆப்பும் பதினைந்தைத்தான் எண்ணும். சக்கரம் முப்பது ஓடுகிறது. பஸ் கம்பெனியில் காலை டிரிப் நிரம்பி வழியும், அதே வண்டி எதிர்த்திசையில் பத்துப் பேருடன் திரும்பும். நிரம்பிய டிரிப் காலி டிரிப்பைச் சுமக்கும். அரசு பஸ் என்றால் அந்தச் சுமை வரிப்பணத்தில் போகும். ஆட்டோக்காரருக்கு அப்படிச் சுமக்க யாரும் இல்லை, அதனால் நம்மிடம் கேட்கிறார். அதிகமாகவும் கேட்கிறார், அதை மறுக்கவில்லை.

அரசு கட்டணம் நிர்ணயித்தால் போதாதா என்று பலர் கேட்டீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆவது பிரிவு மாநில அரசுக்கு அந்த அதிகாரத்தைத் தருகிறது. சென்னையில் 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தார்கள்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. சில மாதம் மீட்டர் ஓடியது. பெட்ரோல் ஏறிக்கொண்டே போனது, பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்த 25 மட்டும் அசையவில்லை. கடைசியில் 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களாகவே 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. போட்ட உத்தரவை இடையிடையே திருத்தாமல் விட்டால் அது சுவரில் மாட்டிய பழைய காலண்டர்தான்.

சரி, ஆப்புக்கு வருவோம். மத்திய அரசு 2025 ஜூலையில் புதிய வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. மாநிலங்கள் ஏற்று அறிவித்தால்தான் நடைமுறைக்கு வரும். நெரிசல் நேரத்தில் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வரை வாங்கலாம். சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் சேர வேண்டும். தக்க காரணமில்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஏறும் இடத்திலிருந்து இறங்கும் இடம் வரைதான் கட்டணம் என்றும் அதில் இருக்கிறது. என் முந்நூற்றுப் பத்து ரூபாய் சவாரியை இதில் வைத்துப் பாருங்கள். கேன்சல் செய்தால் அபராதம் 31 ரூபாய். இங்கே வந்து காலியாகத் திரும்பினால் பெட்ரோல் மட்டும் ஐம்பது ரூபாய்க்குக் குறையாது, நேரம் தனி. நீங்கள் டிரைவராக இருந்தால் எதைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

அரசே ஆப் நடத்தலாமே என்றால், கேரளத்தில் செய்தார்கள். 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் 'கேரள சவாரி' தொடங்கியது. தனியார் ஆப்புகள் எடுத்ததைவிடக் குறைவாக, 8 சதவீத சேவைக் கட்டணம்தான். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் திறந்தால் வண்டி கிடைப்பது அரிதாக இருந்தது. வண்டி வராத ஆப்பை மறுநாள் யார் திறப்பார்கள்?

காலி ஓட்டத்தை நேர்மையாகக் கையாண்ட திட்டம் என்று எனக்குத் தோன்றுவது நம் பக்கத்திலேயே இருக்கிறது: தமிழ்நாட்டின் மினி பஸ். 1997இல் வந்தபோது, பஸ் போகாத பாதை 16 கிலோமீட்டர், ஏற்கெனவே பஸ் ஓடும் பாதை 4 கிலோமீட்டர் என்று பெர்மிட் கொடுத்தார்கள். அந்த 4 கிலோமீட்டர் வசூல் மீதி 16ஐச் சுமக்க வேண்டும் என்பது கணக்கு. சுமக்கவில்லை. எனக்குத் தெரிந்தே இரண்டு முதலாளிகள் வண்டியை விற்றார்கள். 2025 ஜூனில் தொடங்கிய புதிய திட்டத்தில் மொத்தம் 25 கிலோமீட்டர் வரை, அதில் 65 சதவீதமாவது பஸ் போகாத பாதையாக இருந்தால் போதும் என்று மாற்றினார்கள். இதிலும் சிலர் கூட்டமுள்ள பாதையில் மட்டும் ஓட்டப் பார்ப்பார்கள். ஆனால் லாபமுள்ள துண்டைக் கொடுத்து, லாபமில்லாத துண்டையும் ஓட்டச் சொல்வது பேரம் பேசத் தெரிந்த அரசின் வேலை.

நமக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நாம் புதுச்சேரிதான். ஆனால் முத்தியால்பேட்டை தாண்டினால் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாடு, பிறகு பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. ஒரு மாநிலத்தின் பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்ல வேண்டுமானால் அங்கே மேலொப்பம் வேண்டும், அல்லது இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். டவுனுக்குள் ஆள் ஆளாய் ஏற்றி, சீட்டுக்கு இவ்வளவு என்று ஓடும் டெம்போ நம் ஊர் வரை ஓட வேண்டுமானாலும் இந்த எல்லையைத் தாண்டியாக வேண்டும். அதற்கு இரண்டு அரசுகளுக்கும் மனு போட வேண்டும். பொறுமை வேண்டும்.

அதற்கிடையில் நம் கையில் இருப்பதைச் செய்யலாம். எதிர் ஸ்டாண்டில் நிற்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். டவுனுக்குப் போனால் அவர்கள் வீடு திரும்ப இங்கேதான் வர வேண்டும், டவுன் வண்டிபோல் அல்ல. நம்மை வீட்டுக்கு அழைத்து வருவது அவர்களுக்குக் காலி ஓட்டமே இல்லை! அவர்களை விரட்டிவிட்டு, வர மனமில்லாத வண்டிக்கு வாசலைத் திறந்து வைக்கச் சொல்கிறது இந்தத் தீர்மானம். பி பிளாக்கில் டயாலிசிஸ் போகும் அம்மாவை வாரம் இரண்டு முறை அழைத்துப் போவது யார் என்று செக்யூரிட்டியைக் கேளுங்கள்.

என் திருத்தம் சின்னது. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஸ்டாண்டோடு பேசிக் கட்டணப் பலகை வைப்போம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து திருத்துவோம். டவுனிலிருந்து திரும்புகிறவர்கள் நேரத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால், யாரையாவது இறக்கிவிட்ட ஆட்டோ காத்திருந்து அழைத்து வரும். பலகையை மீறி வாங்கினால் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். ஆப் வண்டியும் வரட்டும், தடுக்க வேண்டாம்.

ஸ்டாண்டு சார்பில் இரண்டு பேர் கீழே லிஃப்ட் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் அவர்களை மேலே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.