இருமலை மூடி வைக்காதீங்க
(வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்கு வந்திருந்த தோட்டக் குடும்பங்களிடம் பேசியது)



வேண்டுதலோடு வஹகோட்டைக்கு வந்திருக்கிறீங்க. பஸ்ஸிலும் லொறியிலும் நெருக்கிக்கொண்டு வந்த களைப்பு முகத்தில் தெரியுது. நேற்று ராத்திரி இந்த மடத்தில் படுத்திருந்தபோது நாலைந்து மூலையில் இருமல் சத்தம் கேட்டது. வேறு விஷயம் பேச இருந்த நாங்கள், அதைக் கேட்டபிறகு காசநோயைப் பற்றியே பேசுவோம் என்று முடிவு செய்தோம். பழைய ஆட்கள் இதைச் சயரோகம் என்பார்கள். டாக்டர்மார் டீ.பி. என்பார்கள். லயத்தில் பெயரே சொல்வதில்லை, 'அந்த வருத்தம்' என்று குரலைத் தாழ்த்திவிடுவோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு அக்கா. நல்ல கொழுந்துக்காரி. இரண்டு மாசமாக இருமல். பனியில் நிற்கிறதால வருது என்றார். நாங்களும் அதை நம்பி இரண்டு தடவை இருமல் பாணி வாங்கிக் கொடுத்தோம். அது எங்கள் பிழை, ஒளிக்க மாட்டோம். சளியில் ரத்தம் கண்டபிறகுதான் மாத்தளைக்குக் கூட்டிப் போனோம். காசநோய் என்றார்கள். மருந்து தொடங்கி ஒன்றரை மாசத்தில் இருமல் நின்றது, உடம்பு தேறியது. ஆனால் கிளினிக் போகிற நாளில் பேர் விழாது. வீட்டிலோ அவருடைய கோப்பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். மூன்றாம் மாசம் அவர் மருந்தை விட்டார். ஆறு மாசம் போகவில்லை, பழைய இருமல் திரும்பியது. அதற்குள் அவருடைய சின்ன மகளுக்குக் கழுத்தில் கட்டி. அதுவும் அதே நோய்தான். இரண்டு பேரும் முதலிலிருந்து மருந்து குடித்தார்கள். இன்றைக்கு இரண்டு பேரும் நல்ல சுகம்.

இந்தச் சின்னத் தீவில் பெரும்பாலும் வருஷத்துக்கு 8,000 முதல் 9,000 பேருக்குக் காசநோய் இருப்பதாகக் கண்டுபிடிக்கிறார்கள். நோய் வருகிறவர்களோ 14,000 அளவில் இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான பேர் எங்கே? நம்மைப் போல, பனி என்றும் சுருட்டுப் புகை என்றும் காரணம் சொல்லிக்கொண்டு இருமிக்கொண்டு இருக்கிறார்கள்.

நோயாளி இருமும்போது கிருமி காற்றில் வருகிறது. கதவை அடைத்த ஒற்றைக் காம்பராவில் ஆறு பேர் படுத்தால் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் இழுக்கிறோம். கோப்பையாலும் பீங்கானாலும் இது தொற்றாது. அந்த அக்காவின் கோப்பையைப் பிரித்தது வீண், அவரை அழ வைத்ததுதான் மிச்சம். ஜன்னலைத் திறந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். பிறந்த பிள்ளைக்குப் போடும் பீ.சீ.ஜீ. ஊசி 1949இல் இருந்து நம் நாட்டில் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு வரும் கடுமையான காசநோயை அது தடுக்கும். பெரியவர்களுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

"லயத்தில் இருந்துகொண்டு, இந்தச் சாப்பாட்டில் இது சுகமாகுமா?" என்று கேட்பீங்க. இதே கேள்விக்கு மெட்ராஸில் 1956இல் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கினார்கள். பாதி நோயாளிகளை ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடு, ஓய்வோடு வைத்தார்கள். மற்றப் பாதியை நெருக்கடியான ஏழை வீட்டிலேயே விட்டு மருந்து கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு சுகமானார்கள். அவர்கள் வீட்டு ஆட்களுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்களை மூடியதற்கு இது ஒரு பெரிய காரணம். நம் ஜனங்களைப் போன்ற ஜனங்கள்தான் அதைக் காட்டிக் கொடுத்தார்கள்!

ஆனால் மருந்தைக் கடைசி வரை குடிக்க வேணும். சாதாரணமாக ஆறு மாசம். முதல் இரண்டு மாசம் நாலு வகை மருந்து, பிறகு நாலு மாசம் இரண்டு வகை. இருமல் நின்றாலும் உள்ளே கிருமி உயிரோடு இருக்கும். இடையில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறலாம். அப்புறம் வைத்தியம் இன்னும் நீளும், கஷ்டமும் கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், ரத்தம் என்று பயப்படாதீங்க, அது மருந்தின் நிறம். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடுங்க.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், பின்னேரம் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு மெலிவது என்று இருந்தால் சளி சோதிக்க வேணும். எச்சில் போதாது. காலையில் எழும்பினதும் நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளி வேணும். சோதனையும் மருந்தும் அரசாங்கத்தில் இலவசம். ஒரு வீட்டில் ஒருவருக்குக் கண்டால் மற்ற எல்லோரும், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள், போய்க் காட்ட வேணும்.

பேர் போய்விடுமே என்ற பயம் நியாயமானது. எங்களிடம் சொல்லுங்க. பக்கத்திலேயே தினமும் மருந்து எடுக்க வழி உண்டா என்று கிளினிக்கில் நாங்களே கேட்டுப் பார்ப்போம்.

கூட்டம் கலைந்த பிறகு மடத்தின் பின்பக்கம், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நிற்போம். நேற்று ராத்திரி இருமினவர்கள் அங்கே வாங்க. முன்வாசலில் நிற்கிறவர்களுக்கு அந்த இடம் தெரியாது.