பவளப் பாறைக்குப் பூட்டு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சுற்றுச்சூழல் பற்றி ஏதாவது பேசுப்பா, அரை மணி நேரம்" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். திருப்பருத்திக்குன்றத்துக்காரன், வேகவதி ஆற்றைப் பற்றித்தான் புலம்புவான் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். வேகவதியை எடுத்தால் அரை மணி போதாது, கோபமும் வரும். அதனால் கொஞ்சம் தள்ளிப் போய்க் கடலைப் பற்றிப் பேசுகிறேன். கட்டுமான வேலைக்காக இரண்டு வருஷம் மண்டபம், பாம்பன் பக்கம் இருந்தவன் என்கிற தகுதியில் பேசுகிறேன். விலங்கியல் துறைப் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருக்கிறீர்கள், தவறு இருந்தால் சாப்பாட்டு வேளையில் காதைத் திருகலாம்.

2010 ஜூலையில் மலேசிய அரசு ஒரு காரியம் செய்தது. தியோமான், ரெடாங் தீவுகளைச் சுற்றிச் சுற்றுலாப் பயணிகள் முங்கிப் பார்க்கும் பவளப் பாறைகளில் சிலவற்றைச் சில மாதங்களுக்கு மூடிவிட்டது. அடுத்த ஜனவரியில் தாய்லாந்தும் 18 இடங்களை மூடியது. காரணம், கடல் வழக்கத்தைவிடச் சூடாகி, பவளங்கள் வெளுத்துவிட்டன. பவளம் என்பது ஒரு சிறு பிராணி, லட்சக்கணக்கில் கூட்டமாக வாழ்கிறது. அதன் உடம்புக்குள் நுண்ணிய பாசி ஒன்று குடியிருந்து வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுகிறது. பவளத்தின் சாப்பாட்டில் பெரும்பங்கும் நிறமும் அந்தப் பாசி கொடுப்பதுதான். கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி ஏறி, சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. வெள்ளை எலும்பு மாதிரி ஆகிவிடும். உடனே செத்துவிடாது, பட்டினி கிடக்கும். சூடு தணிந்தால் பாசி திரும்பலாம். அந்த நேரத்தில் டைவரின் கால் துடுப்பு பட்டாலோ, அவர் கிளப்பும் மணல் மேலே படிந்தாலோ, படகு நங்கூரம் விழுந்தாலோ தாங்காது. காய்ச்சல்காரன் வீட்டில் விருந்தாளியை வரவேண்டாம் என்கிறோமே, அதுதான் விஷயம்.

அந்த மூடலால் நஷ்டப்பட்டவர் யார்? டைவிங் கடைக்காரர், படகோட்டி, தங்கும் விடுதிக்காரர். பயணி வேறு பாறைக்குப் போய்விடுவார். தாய்லாந்தின் மாயா வளைகுடா, ஒரு ஹாலிவுட் படத்தால் பிரபலமாகி ஒரு நாளைக்கு ஐயாயிரம் பேர் போய் மிதித்த இடம், 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போது படகு வளைகுடாவுக்குள் வரக்கூடாது, பின்பக்கம்தான் நிறுத்த வேண்டும். வருஷத்தில் இரண்டு மாதம் ஓய்வு. நல்ல ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பவளம். மீனவர்கள் அதைப் 'பார்' என்று சொல்வார்கள். 1986இல் 560 சதுர கிலோமீட்டர் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் பத்தாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 2001இல் பவளம், கடல் அட்டை எல்லாம் புலிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன.

இந்தப் பூட்டு தேவையில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். தூத்துக்குடி, மண்டபம் பக்கம் பல பத்தாண்டுகளாக முருகைக்கல்லை உயிரோடு பெயர்த்து, வண்டி வண்டியாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் கார்பைடு தொழிற்சாலைக்கும் கொண்டு போனார்கள். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் அதிகம். கடப்பாரைக்கு ஒரு நிமிஷம். விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் முழுகிவிட்டன. 21 தீவு என்று நாம் சொல்வதில் இந்த இரண்டும் கணக்கில் இருக்கின்றன. 2004 சுனாமியில் தீவுகள் அலையைத் தடுத்தன என்று கரை மக்களே உணர்ந்த பிறகுதான் கல் எடுப்பது நின்றது. சட்டம் வந்து பதினெட்டு வருஷம் கழித்து!

ஆனால் இந்தக் கடலில் 'டைவர்' என்றால் யார்? அங்கேதான் தாய்லாந்துப் பாடம் நமக்கு அப்படியே ஒட்டாது. அங்கே முங்குகிறவர் காசு கொடுத்து முங்குகிறார். இங்கே முங்குகிறவர் சோற்றுக்காக முங்குகிறார். சங்கு குளிக்கிறவர் ஒருவர். அவர் எடுக்கும் சங்கு வங்காளத்துக் கல்யாணப் பெண்ணின் வளையலாகிறது. கடல் அட்டை எடுத்தவர் ஒருவர். 2001க்குப் பிறகு அவர் தொழில் குற்றமாகிவிட்டது. எதிர்க்கரையில் இலங்கையில் அதே அட்டையை லைசென்ஸ் வாங்கி எடுக்கலாம். விளைவு, ராமநாதபுரக் கரையில் மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை பிடிபட்டது என்று பேப்பரில் வந்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது ஆளைத்தான் யாரும் டைவர் என்று சொல்வதில்லை. அவர் ஒரு பெண். சின்னப்பாலம், பாம்பன், பாரதி நகர் என்று பல ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடி மாட்டி, புடவைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாசி பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை என்று பாசிக்குப் பெயர். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் கிடையாது. பாசியிலிருந்து அகர் எடுக்கிறார்கள், உங்கள் நுண்ணுயிரியல் லேபில் தட்டில் ஊற்றுகிறீர்களே, அது. கட்டைக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் வருகிறது. பருத்தித் துணியில் சாயம் அச்சடிக்கும்போது பசையாகச் சேர்ப்பது அதைத்தான். ஊர்ப் பெயரிலேயே பருத்தி வைத்திருக்கிற நான் இதை அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். துணிக்கும் அந்த அக்காமார்களுக்கும் இப்படி ஒரு சம்பந்தம்.

இந்தப் பாசி தீவை ஒட்டிய ஆழமில்லாத பாரில்தான் வளரும். பூட்டு விழுந்ததும் அங்கேதான். 2000க்குப் பிறகு ரோந்து கெடுபிடியானது. பாசி பறிமுதல், அபராதம் என்று ஆரம்பித்தது. சின்னப்பாலத்தில் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தீவுக்குக் கிட்ட போகக் கூடாதுங்கிறாக தம்பி. பாசி என்ன நடுக்கடல்லயா மொளைக்கும்?" இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு போனவன், என்னிடம் பதில் இல்லை.

பதிலை அவர்களே கண்டுபிடித்தார்கள். பல ஊர்ப் பெண்கள் கூடிச் சங்கமாகி, தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். இரும்புச் சுரண்டி கூடாது, கையால்தான் பறிக்க வேண்டும். அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள்தான் கடல். மற்ற நாட்களில் பாசி வளரட்டும். மீன்பிடித் தடைக்காலத்திலும் எடுப்பதில்லை. இதற்கு முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி அம்மாவுக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு பரிசு கொடுத்தது. கலிபோர்னியா போய் வாங்கி வந்தார். அவர்கள் பரிசுக்கு மேல் கேட்டது வேறு: நாங்களும் மீனவர்கள்தான் என்று ஒரு அடையாள அட்டை. படகில் போகும் ஆண் மீனவர். பாசி எடுக்கும் பெண் எந்தக் கணக்கிலும் வராமல் கிடந்தார்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியும். நம் வீடுகளில் சொசைட்டி அட்டை என்றால் என்னவென்று தெரியும். கூலி பேச, கோரா பட்டு வாங்க, ஒரு கேள்வி கேட்க நமக்கு ஒரு இடம் இருக்கிறது. 1985 சட்டம் சில துணி ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி விசைத்தறிக்குப் பூட்டுப் போட்டது. அந்தப் பூட்டு நெசவாளி கேட்டு வாங்கியது. (அது எவ்வளவு துருப்பிடித்துக் கிடக்கிறது என்பதைக் காந்தி ரோடு கடைகளைக் கேளுங்கள்.) பாசிப் பெண்ணின் கடலுக்குப் பூட்டுப் போட்டபோது அவரை யாரும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ஜைனர் கோயில் மண்டபக் கூரையில் தீர்த்தங்கரர் கதைகள் வண்ணத்தில் தீட்டியிருக்கின்றன, விஜயநகர காலத்தவை. அதைத் தொடாதே என்றால் யாரும் மறுப்பதில்லை. அந்தக் கூரையில் யாருடைய சோறும் இல்லை. பவளப் பாரில் சோறு இருக்கிறது.

சரி, மாற்றுத் தொழில் கொடுத்தால் போச்சு என்பீர்கள். அதுவும் நடந்தது. கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை 1990களில் மண்டபத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். 2000க்குப் பிறகு பெப்சி கம்பெனி ஒப்பந்த முறையில் இறங்கியது. மூங்கில் தெப்பம் கட்டி அதில் பாசித் துண்டைக் கட்டிவிட்டால் 45 நாளில் அறுவடை. மகளிர் குழுக்களுக்கு நல்ல வருமானம், பாரை மிதிக்கவும் வேண்டாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! 2008இல் பார்த்தால், அந்தப் பாசி தெப்பத்திலிருந்து பிய்ந்து குருசடைத் தீவுக்குப் போய் உயிருள்ள பவளத்தின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்திருந்தது. 2013க்குப் பிறகு சூட்டில் விளைச்சலும் விழுந்தது. பவளத்தைக் காப்பாற்றக் கொடுத்த தொழில் பவளத்தின் கழுத்தைப் பிடித்தது. படர்ந்ததைக் கையால் பிடுங்கிப் பார்த்தார்கள், மறுபடி துளிர்த்தது. தெப்பம் போட்ட பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. திட்டம் எழுதியவர்கள் நீரோட்டத்தைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சூட்டுக்கு அறிவிப்புப் பலகை படிக்கத் தெரியாது. 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா வெளுத்துக்கொண்டே வந்தது. 2016 ஒரே கோடையில் உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு வந்துவிட்டது என்று தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். டைவரும் இல்லை, கடப்பாரையும் இல்லை, ரோந்து நடந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் பூட்டு வீணா? அப்படி நான் நினைக்கவில்லை. மிதிபடாத பார் சீக்கிரம் எழுந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நம் ஏ.சி.யும் அனல் மின் நிலையமும் ஏற்றும் சூட்டுக்கு, மாதத்தில் 12 நாள் முங்குகிற பெண் மட்டும் விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பொறியாளன் என்பதால் ஒரு வரி எங்கள் துறைக்கும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு அரித்து அரித்துச் சிறுத்துவிட்டது. 2015 முதல் அதன் முன்னால் ஐ.ஐ.டி. மெட்ராஸ் வடிவமைத்த கான்கிரீட் செயற்கைப் பார்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இறக்கினார்கள். அலை தணிந்து மண் சேர்ந்தது, கான்கிரீட்டில் பவளமும் மீனும் குடியேறின. சந்தோஷம்தான். ஆனால் பாலிப் என்ற அந்தச் சிறு பிராணி கூலி வாங்காமல் கட்டியதை நாம் கிரேன் வைத்துக் கட்டுகிறோம் என்பதையும் டிசைன் செய்கிற தம்பிகள் நினைவில் வையுங்கள்.

இப்போது காட்சி மாறிக்கொண்டிருக்கிறது. குந்துக்கல்லில் டிக்கெட் வாங்கி வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குச் சுற்றுலா போய் வரலாம். வரட்டும், பார்க்கட்டும், பார்த்தால்தான் அக்கறை வரும். எனக்குள்ள சந்தேகம் ஒன்றுதான். டிக்கெட் வாங்கியவர் இறங்கும் தீவுக்குப் பக்கத்தில் பாசிக் கூடையோடு வருகிற அக்காவை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? அவர் எந்த நாள் வரலாம், எந்தப் பாருக்கு எவ்வளவு ஓய்வு என்று முடிவு செய்யும் மேஜையில் அவருக்கு ஒரு நாற்காலி வேண்டும். அமாவாசைக் கணக்கு அவருக்கு அதிகாரியைவிட நன்றாகத் தெரியும். வெளுப்பு ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவதும் அவருக்குத்தான், தினமும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருப்பவர் அவர்.

விலங்கியல் மாணவர்கள் மண்டபம் டூர் போவது பல கல்லூரிகளில் பழைய வழக்கம். அந்தக் காலத்தில் குருசடையில் பாலனோகிளாசஸ் தேடி, திரும்பும்போது ஒரு துண்டுப் பவளமும் பெட்டிக்குள் வந்துவிடும். எத்தனையோ துறை அலமாரிகளில் அது வெள்ளையாகக் கிடக்கிறது. இன்று அதை எடுத்து வருவது குற்றம், எடுக்காதீர்கள். அடுத்த டூரில் ஒரு அரை நாள் மிச்சம் பிடித்துச் சின்னப்பாலத்துக்கும் போய் வாருங்கள். அமாவாசை கழித்துப் போனால் பாசி காயப் போட்டிருப்பார்கள், வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவர்கள் 12 நாள் கணக்கை எப்படிப் பிரித்தார்கள், யாராவது மீறினால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த வருஷ மலருக்கு அந்தக் கட்டுரையை நான் வாங்கிக் கொடுக்கிறேன் என்று ஆசிரியர் குழுவிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது என்று அண்ணன் சைகை காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள்.