வட்டைக்குள் வந்த வளவுகள்

நகரம் பெருகப் பெருக வயலை இழந்துபோகிற கமக்காரரைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது எழுவான்கரை. அங்கே வீட்டுக்கு வீடு முட்டுகிறது. நெல் விளைவது பெரும்பாலும் மேற்கே, படுவான்கரையில். 2014இல் வாவிக்குக் குறுக்கே மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை படகுப் பாதைக்குக் காத்துக்கிடந்த நோயாளிக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது பேருதவி. காணி தேடுகிறவர்களுக்கும் அதுவே வழியாயிற்று. பட்டினத்தை ஒட்டிய தாழ்ந்த வயல்களிலோ கிரவல் கொட்டி மதில் எழுப்புவது முன்பே தொடங்கிவிட்டது.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில், வாவியோர வயல் வட்டை ஒன்றில் ஒரு பெரியவர் செய்கை பண்ணினார். காணி இன்னொருவருடையது, இவர் குத்தகைக்காரர், எல்லாம் வாய்ப்பேச்சில். கோடையில் அந்த வயலில் உவர் ஏறும். மாரி தொடங்கியதும் மழைத் தண்ணீரைக் கட்டி நிறுத்துவார். பிறகு வரம்பின் வக்கடையைத் திறந்து வடியவிடுவார். வடிகிற தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைப்பார். "இன்னொரு தண்ணி கழுவட்டும் மனே, மறுகா விதைப்பம்" என்பார். உவர் அளக்கும் கருவியை நானும் வைத்துப் பார்ப்பேன். அவர் நாக்கு சொன்னதைத்தான் அதுவும் சொல்லும். உவர் தாங்கும் ஏ.டி. 354 நெல்லை நான் கொடுத்தபோது, முதலில் ஒரு மூலையில் மட்டும் விதைத்துப் பார்த்தார். அந்த நிதானத்தை இன்றைக்கும் மதிக்கிறேன்.

ஒரு நாள் காணி கைமாறியது. உடையவருக்குப் பேர்ச் கணக்கில் காசு. பெரியவருக்கு ஒரு சதமும் இல்லை. அவர் போன இடம் ஒரு கடையின் இரவுக் காவல். வீட்டில் மூட்டையாய் இருந்த அரிசி கிலோக் கணக்கில் கடையிலிருந்து வந்தது. மாட்டுக்கு வைக்கோல் இல்லை, மாட்டை விற்றார்கள். வரம்புப் பொன்னாங்காணியும், வாய்க்கால் மீனும், அவர் மனைவி அறுவடைக்குப் பின் பொறுக்கிய கதிரும் ஒன்றாய்ப் போயின. இவற்றை எந்தக் காணி உறுதியிலும் எழுதுவதில்லையே, நேயர்களே! விலை பேசும்போது யார் கணக்கில் சேர்ப்பார்?

நிரப்பிய நிலம் பக்கத்து வயலையும் விடாது. வடிச்சலை அடைத்தால் மாரி வெள்ளம் அடுத்தவர் பயிரில் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நேரம் முடிகிறது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. குத்தகைச் செய்கைக்காரருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் வாய்ப்பேச்சை வைத்து அதைக் கேட்பது கடினம். ஆகவே வயல் செய்கிற ஐயாமாரே, அம்மாமாரே, இந்த மாரிக்கு முன் உங்கள் கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். விவசாயக் காணிப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பதியச் சொல்லிக் கேளுங்கள்.